ஐம்பதை ஒட்டிய வயதில் வேலை தேடுவது எப்படி: முதல் படியிலிருந்து

வேலை போன மறுநாள் காலையில் நான் முதலில் செய்த காரியம், பன்னிரண்டு வருடமாகத் திறக்காத ரெஸ்யூமைத் தேடி எடுத்ததுதான். அதில் ஒரே ஒரு வரியைச் சேர்த்து, அன்றைக்கே நாற்பது இடங்களுக்கு அனுப்பினேன். எனக்கு அப்போது 51 வயது. இரண்டு மாதம் ஆகியும் ஒரு போன் வரவில்லை. எனக்குத் திறமை இல்லாமல் போய்விட்டது என்றே நினைத்தேன். உண்மையில், கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருந்தேன். நீங்கள் அந்த இரண்டு மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயது பார்க்கிறார்கள் என்பது உங்கள் பிரமை இல்லை. அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 40,000க்கும் மேற்பட்ட மாதிரி விண்ணப்பங்களை, வெவ்வேறு வயதுக்காரர்கள் அனுப்பியதுபோலத் தயாரித்து, உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவுகள் 2019இல் வெளியாயின. மூத்தவர்களுக்கு, அதிலும் குறிப்பாகப் பெண்களுக்கு, அழைப்புகள் குறைவாகவே வந்தன. அந்த நாட்டில் 40 வயதைத் தாண்டியவர்களை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் இந்த நிலை. அதனால் பதில் வராத விண்ணப்பத்தை வைத்து உங்களை நீங்களே எடை போடாதீர்கள். விண்ணப்பத்தை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள்.

படி 1: எத்தனை மாதம் தாங்கும்?

வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். வாடகை, கடன் தவணை, மருந்து, பிள்ளைகள் படிப்பு என்று கட்டாயச் செலவை மட்டும் கூட்டி, கையிருப்பை அதால் வகுத்துப் பாருங்கள். மூன்று மாதம்தான் தாங்கும் என்றால், இப்போதைக்குத் தெரிந்த வேலையையே தேடுங்கள். துறை மாறுவதை அந்தச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு யோசிக்கலாம். ஓய்வுக்காலப் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 2: ஒரு நோட்டு வாங்குங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இருபது வருடம் ஒரே வேலையில் இருந்தவர்களிடம் 'என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் பதவியின் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரும் அப்படித்தான். 'ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், 22 வருடம்' என்றார். அதைத் தாண்டி எதுவும் சொல்லத் தெரியவில்லை. அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். சிக்கல் வந்தால் மற்றவர்கள் எதற்காக உங்களைத் தேடி வருவார்கள்? நீங்கள் லீவு போட்டால் எந்த வேலை நிற்கும்? நீங்கள் வந்த பிறகு அங்கே என்ன மாறியது?

மூன்றாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வருஷக் கடைசி ஸ்டாக் எடுப்புக்கு முன்னெல்லாம் நாலு நாள் ஆகும். நான் எல்லா ரேக்குக்கும் நம்பர் போட்டு, தினமும் ரெண்டே ரெண்டு ரேக்கை மட்டும் எண்ணச் சொன்னேன். அப்புறம் ஒன்றரை நாளில் முடிஞ்சது."

அந்த ஒரு பதிலில் எவ்வளவு இருக்கிறது, பாருங்கள். சரக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது, ஒரு முறையை உருவாக்கத் தெரிந்திருக்கிறது, அதைக் கீழே உள்ளவர்களைச் செய்ய வைக்கவும் தெரிந்திருக்கிறது. மருத்துவமனை மருந்துக் கிடங்கு, ஆன்லைன் விற்பனைக் கிடங்கு, சரக்குத் தணிக்கை செய்யும் நிறுவனம் என்று எங்கே போனாலும் இது செல்லும். இதுபோல் பத்துச் சம்பவங்களை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருக்கட்டும்: நாள், ஆட்கள், சதவீதம், ஏதோ ஒன்று.

படி 3: ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள்

துறை மாற்றத்தில் சறுக்கிய பலர் செய்த தவறு, செய்யும் வேலையையும் இருக்கும் துறையையும் ஒன்றாக மாற்றப் பார்த்ததுதான். அப்படிப் போனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு அதே வரிசையில் நிற்க வேண்டி வரும். ஒன்றை மட்டும் மாற்றினால் உங்கள் அனுபவத்தில் பாதியாவது கூடவே வரும்.

தொழிற்சாலையில் கணக்குப் பார்த்தவர் மருத்துவமனையில் கணக்குப் பார்க்கப் போகலாம். ஒரு வருடத்தில் அந்த இடம் பழகிவிடும். பிறகு அங்கேயே நிர்வாகப் பொறுப்புக்கு நகரலாம். வார்டில் நின்று வேலை பார்க்க உடம்பு ஒத்துழைக்காத செவிலியர், காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் போகலாம். ஆசிரியருக்கு நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவு பொருந்தும்.

புதிதாக ஏதாவது படிக்க வேண்டும் என்று தோன்றுகிறதா? பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் விரும்பும் வேலையின் பத்து விளம்பரங்களை எடுத்து, அந்தச் சான்றிதழை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டில்தான் இருக்கிறது என்றால் அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

சொந்தத் தொழில் பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான புதிய நிறுவனங்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது தொடங்கிய சமயத்தில் 45 ஆக இருந்தது.

படி 4: ரெஸ்யூம்

இப்போதுதான் ரெஸ்யூமைத் தொட வேண்டும். கடைசி பத்துப் பதினைந்து வருடத்தை விவரமாக எழுதுங்கள். அதற்கு முந்தையதை 'முந்தைய அனுபவம்' என்று இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். பட்டம் வாங்கிய வருடம், பிறந்த தேதி, திருமண விவரம் ஆகியவற்றைக் கேட்காதவரை எழுத வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மொத்தம் இரண்டு பக்கம் போதும்.

பெரிய நிறுவனங்களில் மனிதர்கள் பார்ப்பதற்கு முன் மென்பொருள்தான் ரெஸ்யூமை வாங்கிப் படித்து வகைப்படுத்துகிறது. கட்டம், பெட்டி, படம் எல்லாம் அதைக் குழப்பலாம். விளம்பரத்தில் 'இன்வென்டரி' என்று இருந்தால் நீங்களும் 'ஸ்டாக்' என்று எழுதாமல் அதே சொல்லை எழுதுங்கள். நோட்டில் இருக்கும் பத்துச் சம்பவங்களில் அந்த வேலைக்குப் பொருந்தும் நான்கை மட்டும் மேலே வையுங்கள்.

படி 5: பாதி மறந்த ஆட்களிடம் போங்கள்

எனக்கு வேலை கிடைத்தது இந்த வழியில்தான்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தச் சமயத்தில் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்று அவர் கேட்டிருந்தார். அடிக்கடி பார்த்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். 55.6 சதவீதத்தினர் எப்போதாவது என்றும், 27.8 சதவீதத்தினர் மிக அரிதாக என்றும் சொன்னார்கள். காரணம் எளிமையானது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். தூரத்துப் பழக்கம் உள்ளவர் வேறு வட்டத்தில் இருக்கிறார், அங்கே காலியாகும் இடம் அவருக்குத்தான் முதலில் தெரியவரும். வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இனை வைத்து 2022இல் வெளியான ஆய்வு இரண்டு கோடிப் பேரின் தரவுகளை வைத்துப் பார்த்தபோதும், மிக நெருக்கமான தொடர்புகளைவிட ஓரளவு தூரத்துத் தொடர்புகளே வேலை மாற அதிகம் உதவியிருந்தன.

இந்த ஒரு விஷயத்தில் இளைஞர்களைவிட நமக்கு வசதி அதிகம். பழைய சகாக்கள், சப்ளையர்கள், வாடிக்கையாளர்கள் என்று எவ்வளவு பேர்! நீங்கள் வேலை கற்றுக்கொடுத்த பிள்ளைகள் இன்றைக்கு மேனேஜர்களாக இருப்பார்கள். முப்பது பெயர்களை எழுதுங்கள். நாளுக்கு இரண்டு பேர் போதும். 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்' என்று மட்டும் அனுப்பாதீர்கள். அதைப் படிப்பவருக்குச் சங்கடம்தான் மிஞ்சும். நான் அனுப்பியது இப்படி இருந்தது:

"வணக்கம். 2009இல் டெஸ்பேட்சில் ஒன்றாக வேலை பார்த்தோம், ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன். நான் இப்போது உங்கள் துறைக்கு வர யோசிக்கிறேன். உள்ளே வேலை எப்படி இருக்கிறது, என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பதினைந்து நிமிடம் கேட்டுக்கொள்ளலாமா? உங்களுக்கு வசதியான நேரத்தில் நானே கூப்பிடுகிறேன்."

வெட்கமாகத்தான் இருந்தது. முதல் மெசேஜை அனுப்ப மூன்று நாள் ஆனது. ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. பேசி முடிக்கும்போது 'வேறு யாரிடம் பேசினால் நல்லது?' என்று கேட்க மறக்காதீர்கள். என் வேலை, அப்படிக் கிடைத்த மூன்றாவது ஆளிடமிருந்து வந்தது.

படி 6: இன்டர்வியூ

எதிரில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்காத மூன்று சந்தேகங்கள் உண்டு. தன்னைவிட இளையவர் சொன்னால் கேட்பாரா? புதியதைக் கற்றுக்கொள்வாரா? இந்தச் சம்பளத்தில் நிலைத்து இருப்பாரா? மூன்றுக்கும் நோட்டிலிருந்து ஒவ்வொரு சம்பவத்தைத் தயாராக வைத்திருங்கள். "போன வருடம் புது பில்லிங் மென்பொருள் வந்தது. என்னைவிட இருபது வயது சிறியவர்தான் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டேன், பிறகு மற்ற ஆறு பேருக்கும் நான் சொல்லிக்கொடுத்தேன்" என்பது போல. 'எங்கள் காலத்தில்' என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியமும் வேண்டாம்.

சம்பளம் குறைவாக இருந்தால், அதற்கு ஏன் சம்மதிக்கிறீர்கள் என்பதை நீங்களே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், வேறு வேலை கிடைத்ததும் ஓடிவிடுவார் என்று அவர்களாக முடிவு செய்துகொள்வார்கள்.

அப்புறம், பதிவுக் கட்டணம், பயிற்சி டெபாசிட் என்று எந்தப் பெயரிலாவது வேலைக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாலு மாதம் அலைந்து களைத்திருக்கும்போது வரும் இனிப்பான போன் கால் நம்பத்தான் தோன்றும். எனக்கும் அப்படி ஒன்று வந்தது. பணத்தைக் கட்டப் போன நேரத்தில் என் மகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.