அனையலேட்: ஓர் ஆங்கில வினையை வேர் வரை பிரித்தறியும் முறை

அழிவைக் குறிக்கும் ஆங்கில வினைகளை அகராதியில் தேடினால், பலவற்றுக்கும் 'முற்றிலும் அழித்தல்' என்ற ஒரே பொருள்தான் கிடைக்கிறது. எதை எங்கே எழுதுவது என்பது அதிலிருந்து விளங்குவதில்லை. சொல்லை உறுப்புகளாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். 'அனையலேட்' என்ற வினையைக் கொண்டு அதைச் செய்து பார்ப்போம்.

படி 1: எழுத்துக்கூட்டலை உறுதிசெய்க

ஏ, என், என், ஐ, எச், ஐ, எல், ஏ, டி, இ என்பது இதன் எழுத்துக்கூட்டல். நடுவில் நிற்கும் 'எச்' ஒலிப்பதில்லை. அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். ஒலிக்காத எழுத்துதானே என்று அதை விட்டுவிட வேண்டாம், சொல்லின் பிறப்பைக் காட்டிக்கொடுப்பதே அதுதான்.

படி 2: ஒட்டுகளை நீக்குக

இறுதியிலுள்ள 'ஏட்', இலத்தீனிலிருந்து வந்து ஆங்கிலத்தில் வினையாக்கும் ஒட்டாக நிலைத்தது. தொடக்கத்திலுள்ள 'அன்', உண்மையில் 'அட்' என்ற இலத்தீன் முன்னொட்டு; 'நோக்கி' என்பது அதன் பொருள். நம் இலக்கணத்தில் 'சொல்' என்பதும் 'மாலை' என்பதும் புணர்ந்து 'சொன்மாலை' ஆவதைப் போல, அடுத்து வரும் மெல்லொலிக்கு இணங்கி அதன் இறுதி ஒலி திரிந்தது. அறிவித்தலைக் குறிக்கும் 'அனவுன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'என்' இரட்டிப்பதற்கும் இதுவே காரணம். இரண்டையும் நீக்கினால் எஞ்சுவது 'நிஹில்', அதாவது 'ஒன்றுமில்லை'. ஆகவே இந்த வினையின் நேர்ப்பொருள், ஒன்றுமில்லாத நிலைக்குக் கொண்டுசெல்லுதல்.

படி 3: வேரையும் பிரிக்க

பலரும் முந்தைய படியோடு நின்றுவிடுகிறார்கள். சுவையான பகுதி இனிமேல்தான் இருக்கிறது. 'நிஹில்' என்பதும் கூட்டுச்சொல்லே: 'நே' என்றால் இல்லை, 'ஹீலும்' என்றால் மிக அற்பமான ஒன்று. அவரை இனத்து விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு துணுக்கே 'ஹீலும்' என்று பழைய ரோமானிய அகராதி மரபு விளக்கியது. உலர்ந்த மொச்சைக் கொட்டை ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் விளிம்பில் வெள்ளையாகப் புடைத்த கோடு ஒன்று தெரியும். விதை காயோடு இணைந்திருந்த அந்தத் தழும்பைத் தாவரவியலார் இன்றும் 'ஹைலம்' என்றே அழைக்கிறார்கள். 'எள்ளளவும் இல்லை' என்று நாம் சொல்வதை, ரோமானியர் அவரைத் துணுக்கை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். சுழியைக் குறிக்கும் 'நில்', எதற்கும் பொருளில்லை என்னும் கொள்கையைக் குறிக்கும் 'நிஹிலிசம்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

படி 4: பொருள் நகர்ந்த வழியைப் பார்க்க

பிற்கால இலத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில வினையாக வழங்கத் தொடங்கியது. சட்டத்தைச் செல்லாததாக்குதல் என்ற பொருளும் இதற்கு இருந்தது; அந்த வேலையை இன்று இதன் உறவுச் சொல்லான 'அனல்' என்ற ஆங்கில வினை செய்கிறது, திருமணத்தைச் செல்லாதென அறிவிக்கும்போது பயன்படுவது அதுவே.

இயற்பியலார் இச்சொல்லை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1932இல் இயற்பியலாளர் கார்ல் ஆண்டர்சன் கண்டறிந்த, எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான், எலக்ட்ரானைச் சந்திக்கும்போது இரண்டும் மறைந்து, பெரும்பாலும் தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய இரு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. மருத்துவமனைகளில் எடுக்கப்படும் பெட் ஸ்கேன் இக்கதிர்களைக் கொண்டே இயங்குகிறது. ஆற்றல் எஞ்சுவதால், வேர்ப்பொருளின்படி பார்த்தால் இந்தப் பெயர் சற்று மிகைதான்.

படி 5: அண்டைச் சொற்களோடு ஒப்பிடுக

'டெசிமேட்' என்பதில் இருப்பது பத்து என்ற எண். போரில் பின்வாங்கிய ரோமானியப் படையில் சீட்டுக் குலுக்கிப் பத்தில் ஒருவரைக் கொல்லும் தண்டனையிலிருந்து அது பிறந்தது; அடிமைக் கிளர்ச்சித் தலைவன் ஸ்பார்ட்டகஸுக்கு எதிரான போரில் ரோமானியத் தளபதி கிராஸஸ் இதை நிறைவேற்றினார். இன்று பேரழிவைக் குறித்தாலும், எஞ்சியவர் உண்டு என்ற குறிப்பு அதில் தங்கியிருக்கிறது. 'ஒப்லிட்டரேட்' என்பதில் இருப்பது எழுத்து. ஆகவே கல்வெட்டு, தடம், நினைவு போன்றவை சுவடின்றி அழிவதற்கு அது பொருந்தும். ஒரு படையோ நகரமோ எதுவும் மிஞ்சாமல் ஒழிந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் மட்டும் 'அனையலேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டுச் செய்திகளில் தோற்ற அணிக்கெல்லாம் அதைச் சூட்டுவது வெறும் மிகைநவிற்சி.