ரூட் கெனால் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்

ரூட் கெனால் (பல்லின் நரம்பை எடுத்து அடைக்கும் சிகிச்சை) முடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயை மொபைலில் படம் பிடித்து, எந்தப் பல், என்ன தேதி என்று குறித்து வையுங்கள். ஃபிலிம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்தால் போதும். வருடங்கள் கழித்து அந்தப் பல் கடிக்கும்போது வலித்தால் டாக்டரிடம் காட்டலாம். நரம்பு எடுத்த பல் எப்படி வலிக்கும்? வலிப்பது வேரைச் சுற்றியுள்ள சவ்வும் எலும்பும். வேர் நுனியில் தெரியும் கறுப்பு நிழல் (எலும்பு கரைந்த இடம்) புதிதா, பழையது ஆறி வருகிறதா என்பது பழைய படத்தையும் இப்போது எடுக்கும் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். தேவையில்லாத மறு சிகிச்சையும் அதன் செலவும் மிச்சமாகலாம்.

பல்லில் மெல்லிய விரிசல் என்றால் இது உதவாது. எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் பழைய படத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.