ஆஸ்துமா இருக்கிறவர்கள் ஆப் பார்த்து உடற்பயிற்சி செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலும் குளிர்காற்றும் இறங்கும். வெளியே நடக்க முடியவில்லை என்று என் மதினி செல்போனில் ஓர் உடற்பயிற்சி ஆப் போட்டுக்கொண்டார். எடை 90 கிலோ, சின்ன வயதிலிருந்தே இளைப்பு, அதாவது ஆஸ்துமா. அரிசி டிரம்மில் போனைச் சாய்த்து வைத்து, எடுத்த எடுப்பிலேயே குதிக்கிற பயிற்சி. செய்யும்போது ஒன்றும் தெரியவில்லை. முடித்து உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு இறுகி விசில் சத்தம் வந்தது.

உடற்பயிற்சியால் வரும் இளைப்பு பெரும்பாலும் அப்படித்தான். நிறுத்திய பிறகு 5 முதல் 15 நிமிடத்துக்குள் கூடும். குளிர்காற்றை வாயால் வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாயின் ஈரமும் சூடும் குறைந்து, சுற்றியிருக்கும் தசை சுருங்கிவிடுகிறது. அதனால் முதல் 10, 15 நிமிடம் நின்ற இடத்திலேயே மெதுவாக நடங்கள், கையைச் சுழற்றுங்கள். ஆப் இரண்டே நிமிடத்தில் அடுத்ததுக்குத் தாவினால் நிறுத்தி வையுங்கள். முடிக்கும்போதும் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

அடுத்த தவறுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. ‘இப்போதான் உடற்பயிற்சி செய்கிறேனே’ என்று தினமும் எடுக்கிற தடுப்பு இன்ஹேலரை விட்டுவிடுகிறார்கள். மதினியும் விட்டிருந்தார். அதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலரைப் பயிற்சிக்கு முன் எடுக்கலாமா என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்து நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும் என்பதால் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

எடையால் வாங்கும் மூச்சு, நின்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். நின்ற பிறகும் கூடினால், இருமலோ விசில் சத்தமோ வந்தால் அது பெரும்பாலும் ஆஸ்துமாதான். உடனே நீல இன்ஹேலர். அதற்கும் அடங்காமல் பேச்சே திணறினால் 108தான்.

மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளில் வயிறு மேலே தள்ளி நுரையீரலுக்கு இடம் குறையும். நாற்காலியிலோ சுவரைப் பிடித்தோ செய்வது நல்லது. அப்புறம், சாம்பிராணி போட்ட அறை, கொசுவர்த்திப் புகை, ஈரத்துணி காயும் மூலை, எதுவும் வேண்டாம்.

சளி பிடித்த நாளில் விட்டுவிடலாம். ஆப்பில் ‘தொடர்ந்து 20 நாள்’ கணக்கு அறுந்தால் அறுந்துபோகட்டும்.