பழைய லாஸ் ஏஞ்சலஸ் தெருப் படங்களுக்கு இடமும் ஆண்டும் கண்டறியும் முறை

1940க்கும் 1970க்கும் இடைப்பட்ட காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் எடுக்கப்பட்ட கட்டடப் படங்களும் தெருப் படங்களும் இன்று ஆயிரக்கணக்கில் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும் பகுதிக்குக் கீழே "நகர மையம், சுமார் 1950" என்பதற்கு மேல் எதுவும் எழுதப்பட்டிருக்காது. அந்தக் "சுமார்" என்ற சொல்லை நீக்கி, எந்தத் தெருமுனை, எந்த ஆண்டு என்று சொல்ல முடியுமா என்றால், பெரும்பாலான படங்களில் முடியும். அதற்குத் தேவைப்படுவது பொறுமையும், எந்தத் தடயம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற தெளிவும்தான்.

இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நகர மையத்தை ஒட்டியிருந்த பங்கர் ஹில் என்னும் குன்றின் மேல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செல்வந்தர்கள் கட்டிய மரமாளிகைகள் பிற்காலத்தில் வாடகை அறைகளாகப் பிரிக்கப்பட்டு, வருமானம் குறைந்தவர்களும் முதியவர்களும் வாழும் இடமாயின. 1959ஆம் ஆண்டு நகர மன்றம் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த பின், அந்தக் குடியிருப்பு முழுவதும் இடிக்கப்பட்டது. குன்றின் மேற்பகுதியே வெட்டித் தாழ்த்தப்பட்டது. 1969இல் காப்பாற்றி வேறிடத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட காசில், சால்ட் பாக்ஸ் என்ற இரண்டு வீடுகளும் அதே ஆண்டு அக்டோபரில் தீக்கிரையாயின. ஆகவே அந்தக் குன்றில் மக்கள் வாழ்ந்த வீடுகளுக்குக் கண்ணால் காணக்கூடிய சான்று பெரும்பாலும் புகைப்படங்களே. ஒரு படத்துக்குத் தவறான தெருப்பெயர் எழுதப்பட்டால், அங்கு நின்ற வீடு இரண்டாம் முறையாகவும் தொலைந்துபோகிறது.

முதலில் படங்கள் இருக்கும் இடங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகத்தின் தொகுப்பும், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள விட்டிங்டன் ஸ்டூடியோ படங்களும் தொடக்கத்துக்கு ஏற்றவை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் செய்தித்தாள்களின் நெகட்டிவ்கள் உள்ளன. கெட்டி ஆய்வு நிறுவனத்தில் ஜூலியஸ் ஷுல்மன், லெனார்ட் நேடல் ஆகியோரின் தொகுப்புகள் உள்ளன. ஷுல்மன் புதிய கட்டடங்களின் எழிலைப் படமெடுத்தவர், நேடல் இடிபடவிருந்த குடியிருப்புகளையும் அவற்றில் வாழ்ந்தோரையும் படமெடுத்தவர். எனக்கு மிகவும் பயன்படுவதாகத் தோன்றுவது ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கும் பாமர் கானரின் வண்ண ஸ்லைடுகள். 1950 முதல் 1970 வரை தெருத்தெருவாக நடந்து, அழகுக்காக அல்லாமல் பதிவுக்காகவே ஒருவர் எடுத்த படங்கள் என்பதால், பிற படங்களை ஒப்பிட்டுச் சரிபார்க்க அவற்றைவிட நல்ல துணை கிடைப்பது அரிது.

இணையத்தில் படத்தைப் பார்ப்பவர் கிடைக்கும் மிகப் பெரிய அளவிலான கோப்பைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். கடைப் பலகையின் எழுத்தும் வண்டியின் நம்பர் பிளேட்டும் சிறிய கோப்பில் தெரியாது. மூலப் பிரிண்ட் அல்லது ஸ்லைடு கையில் இருந்தால் முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். செய்தித்தாள் அலுவலகப் பிரிண்ட்களின் பின்புறம் முத்திரையும் ஒட்டிய குறிப்பும் இருக்கும். ஆனால் அந்த முத்திரையில் உள்ள தேதி படம் அச்சான நாளாகவோ, மீண்டும் எடுத்துப் பயன்படுத்திய நாளாகவோ இருக்கலாம். ஸ்லைடின் அட்டைச் சட்டகத்தில் பதிந்திருக்கும் மாதமும் ஆண்டும் ஃபிலிம் கழுவப்பட்ட காலத்தைத்தான் குறிக்கும். கேமராவுக்குள் ஓராண்டு கிடந்து பிறகு கழுவப்பட்ட சுருள்களும் உண்டு என்பதால், அந்தத் தேதிக்குப் பின் படம் எடுக்கப்படவில்லை என்று மட்டுமே அதிலிருந்து முடிவு செய்யலாம்.

அடுத்து, படம் இடவலமாகப் புரண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லைடைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்வது மிகச் சாதாரணமாக நிகழும் பிழை. எழுத்து தெரிந்தால் உடனே புலப்பட்டுவிடும்; எழுத்து இல்லாத படத்தில் வண்டிகள் எந்தப் பக்கம் செல்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும், ஓட்டுநர் இடப்புறம் அமர்வார். இடப்பக்கப் போக்குவரத்துக்குப் பழகிய நம் கண்ணுக்குப் புரண்ட படமே இயல்பாகத் தோன்றிவிடும் என்பதால், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து இந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் இதைத் தனியாக ஒருமுறை சோதிப்பது நல்லது.

இடத்தைக் கண்டறிதல்

1928இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மன்றக் கட்டடம் 454 அடி உயரமுடையது. பிற கட்டடங்கள் 150 அடியைத் தாண்டக் கூடாது என்ற விதி 1950களின் பிற்பகுதி வரை நடைமுறையில் இருந்ததால், அந்த வெள்ளைக் கோபுரம் ஏறக்குறைய எல்லாத் தொலைவுக் காட்சிகளிலும் தனித்து நிற்கும். படத்தில் அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கோபுரமும் அதற்கு முன்னால் தெரியும் அடையாளம் தெரிந்த ஒரு கட்டடத்தின் மூலையும் ஒரே கோட்டில் அமைகின்றனவா என்று பார்த்து, அந்தக் கோட்டை வரைபடத்தில் கேமரா இருந்த பக்கம் நோக்கி நீட்ட வேண்டும். இவ்வாறே முன்னும் பின்னுமாக ஒன்றையொன்று தொடும் வேறு இரு கட்டடங்களைக் கொண்டு இரண்டாவது கோட்டை வரைந்தால், இரண்டும் வெட்டும் புள்ளியில் புகைப்படக்காரர் நின்றிருப்பார். கோடுகள் மிகக் குறுகிய கோணத்தில் வெட்டினால் பிழை பெரிதாகும். படத்தின் இடக்கோடியில் ஒன்றும் வலக்கோடியில் ஒன்றுமாகத் தேர்ந்தெடுப்பதே சரி.

தெருவுக்குள்ளேயே எடுத்த படமானால் கதவிலக்கம் உதவும். இந்நகர மையத்தில் இலக்கங்கள் முதல் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்து எண்ணப்படுகின்றன. ஆகவே தெற்கு பிராட்வேயில் 300 என்று தொடங்கும் இலக்கம் மூன்றாம் தெருவுக்கும் நான்காம் தெருவுக்கும் இடைப்பட்டது. அங்கே மேற்குச் சிறகில், அதாவது தெருவின் மேற்குப் பக்க வரிசையில், ஒற்றைப்படை, கிழக்குச் சிறகில் இரட்டைப்படை: மேற்கே கிராண்ட் சென்ட்ரல் சந்தை 317, எதிர்ப்புறம் 1893இல் கட்டப்பட்ட பிராட்பரி கட்டடம் 304. ஆனால் இந்தத் திசைப் பெயர்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய நகரத்தின் தெருக்கட்டம் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 36 டிகிரி விலகியிருப்பதால், "மேற்கு" எனப்படும் சிறகின் முகப்பு உண்மையில் தென்கிழக்கைப் பார்க்கிறது. அது காலை வெயிலில் ஒளிரும். பிராட்பரி கட்டடத்தின் பிராட்வே முகப்புக்கு வெயில் பிற்பகலில்தான் வரும். வெயில் விழும் முகப்பை வைத்துப் படம் எடுத்த வேளையைச் சொல்ல இந்த விலகலைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இலக்கம் தெரியாத வீடுகளுக்கு சான்போர்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்களைப் போன்ற துணை வேறில்லை. ஓர் அங்குலத்துக்கு ஐம்பது அடி என்ற அளவில், ஒவ்வொரு கட்டடத்தின் அடித்தள வடிவமும் மாடிகளின் எண்ணிக்கையும் அவற்றில் குறிக்கப்பட்டிருக்கும். இளஞ்சிவப்பு செங்கல்லையும் மஞ்சள் மரத்தையும் குறிக்கும். படத்தில் மூன்று மாடி மரவீடும் அதையொட்டி இரண்டு மாடிச் செங்கல் கட்டடமும் முனையில் ஒரு கடையும் இருந்தால், அதே வரிசையை வரைபடத்தில் தேடலாம். திண்ணை முன்தள்ளியிருப்பது, மூலையில் வட்டக் கூண்டு அமைந்திருப்பது போன்ற விவரங்கள்கூட அடித்தள வடிவத்தில் தெரிந்துவிடும். மாற்றங்கள் நேர்ந்தபோது பழைய தாளின் மேலேயே திருத்தத் துண்டுகளை ஒட்டினார்கள் என்பதால், வரைபடத்தின் முதல் அச்சு ஆண்டோடு கடைசித் திருத்த ஆண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இவற்றில் பலவற்றை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. குன்றின் தெருக்கள் பல இன்று இல்லை. தற்கால இணைய வரைபடத்தைக் கொண்டு அவற்றைத் தேடுவது வீண் உழைப்பு.

கடைப்பெயர் தெரிந்தால் நகர விவரக் கையேட்டில் தேடலாம். அந்தக் கையேடு 1942உடன் நின்றுவிட்டது. அதற்குப் பிந்திய படங்களுக்குத் தொலைபேசி நிறுவனத்தின் கையேடுகளையும், தெரு முகவரி வரிசையில் அமைந்த பதிப்புகளையும் நூலகத்தின் மின்தொகுப்பில் பார்க்க வேண்டும். ஒரு கடை ஓர் ஆண்டுப் பதிப்பில் இருந்து அடுத்ததில் இல்லையென்றால், இடத்தோடு காலத்துக்கும் ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது.

ஆண்டைக் கண்டறிதல்

இதன் அடிப்படை ஒன்றே: படத்தில் இருப்பவற்றுள் மிகப் புதியது எதுவோ அது முன் எல்லை, பின்னர் அகற்றப்பட்டவற்றுள் முதலில் மறைந்தது எதுவோ அது பின் எல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் ஆண்டு இருக்கும். பழைய பொருள் ஒன்று இருப்பது எதையும் நிறுவாது, ஏனெனில் 1938ஆம் ஆண்டு வண்டியை 1955இலும் ஓட்டினார்கள்.

வண்டிகளே மிக எளிய தடயம். ஒவ்வொன்றின் மாடல் ஆண்டையும் கண்டு, மிகப் புதியதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் புதிய மாடல்கள் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். 1959 மாடலை 1958 அக்டோபர் தெருவில் காணலாம். இரண்டாம் உலகப் போரால் 1942 பிப்ரவரியில் நின்ற கார் உற்பத்தி 1945இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே மிகப் புதிய வண்டி 1942 மாடலாக இருந்தால், படம் அந்த மூன்றாண்டுகளில் எதற்கும் உரியதாக இருக்கலாம். முகப்பில் இரண்டுக்குப் பதில் நான்கு விளக்குகள் பரவலாகத் தெரிந்தால் 1958ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ எடுத்தது. வண்ணப் படமானால் கலிஃபோர்னிய நம்பர் பிளேட்டையும் பார்க்கலாம்: 1956 முதல் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, 1963 முதல் கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து.

டிராம்கள் இன்னும் உறுதியான எல்லை தருபவை. மஞ்சள் டிராம்களை ஓட்டிய நிறுவனம் 1945இல் கைமாறி, மஞ்சள், வெள்ளை, பச்சை என்று மூவண்ணம் பூசியது. 1958இல் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் பொறுப்பேற்ற பின் இரு பச்சை நிறங்கள் வந்தன. பசிபிக் எலக்ட்ரிக் என்ற நிறுவனம் ஓட்டிவந்த சிவப்பு டிராம்களின் கடைசித் தடம் 1961 ஏப்ரலிலும், நகர டிராம் 1963 மார்ச் 31இலும் நின்றன. மூன்றாம் தெருச் சுரங்கத்தை ஒட்டி, ஹில் தெருவிலிருந்து குன்றின் உச்சிக்கு, பழனி மலையின் விஞ்சைப் போலக் கம்பி இழுத்து ஏறிய ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் 1901 முதல் 1969 மே 18 வரை அங்கே இயங்கியது. 1996இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது அரைத் தெரு தள்ளித் தெற்கே அமைந்தது. எனவே சுரங்க வாய் பக்கத்திலேயே இருந்தால் பழைய படம். சுற்றிலும் வீடுகள் இன்றி வெற்று நிலமாகத் தெரிந்தால் 1960களின் இடிப்புக் காலம்.

எழுத்துகளும் பேசும். முகவரியில் நகரப் பெயருக்குப் பின் ஒன்று அல்லது இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது 1943இல் வந்த அஞ்சல் மண்டல முறை. ஐந்து இலக்கக் குறியீடு 1963 ஜூலையில் வந்தது. தொலைவில் ஹாலிவுட் மலைப் பலகை தெரிந்தால், "ஹாலிவுட்லேண்ட்" என்று முழுமையாக இருப்பது 1949க்கு முந்தியது. திரையரங்க முகப்பில் படத்தின் பெயர் இருந்தால் அந்தக் காலச் செய்தித்தாள் விளம்பரத்தோடு ஒப்பிட்டு வாரத்தையே சொல்லிவிடலாம். ஆனால் மெயின் தெருவின் மலிவுக் கட்டண அரங்குகள் பல ஆண்டுப் பழைய படங்களையும் திரையிட்டன என்பதால் அங்கே இது செல்லாது.

ஓர் எடுத்துக்காட்டாக, மூன்றாம் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் முனையின் வண்ண ஸ்லைடு ஒன்று கிடைத்ததாகக் கொள்வோம். இரு பச்சை நிற டிராம் செல்கிறது: 1958க்கும் 1963 மார்ச்சுக்கும் இடையில். நம்பர் பிளேட்டுகள் மஞ்சள்: அது முந்தைய முடிவோடு ஒத்துப்போகிறது, ஆனால் குறுக்கவில்லை. தெரியும் முப்பது வண்டிகளில் மிகப் புதியது 1960 மாடல்: முன் எல்லை 1959 இலையுதிர் காலத்துக்கு வருகிறது. அத்தனை வண்டிகளில் 1961 மாடல் ஒன்றுகூட இல்லாதது உறுதியான சான்று இல்லையென்றாலும், 1960 இறுதிக்குள் எடுத்திருக்கலாம் என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. பிராட்பரி முகப்பில் வெயில் விழுவதால் வேளை பிற்பகல். நிழலின் நீளமும் பருவத்தைச் சொல்லும். இந்நகரில் நண்பகலில், டிசம்பர் இறுதியில் ஒரு கம்பத்தின் நிழல் அதன் உயரத்தைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு, ஜூன் இறுதியில் ஐந்தில் ஒரு பங்குதான். சமதளமான தெருவில் மட்டுமே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

முடிவை எழுதும்போது தொகுப்பில் இருந்த மூலக் குறிப்பை மாற்றாமல் முதலில் படியெடுத்து, அதன் கீழ் உங்கள் முடிவையும், அதற்கும் கீழ் ஒவ்வொரு சான்றையும் தனித்தனியே எழுத வேண்டும். "1959 இலையுதிர் காலம் முதல் 1963 மார்ச் வரை, பெரும்பாலும் 1960" என்று எழுதுவது, "1960" என்று மட்டும் எழுதுவதைவிட நேர்மையானது, பின்னால் வருபவர் அதைச் சோதிக்கவும் முடியும். படத்தை மீண்டும் வெளியிட எண்ணினால் உரிமையை முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1964க்கு முன் முதலில் வெளியாகி, இருபத்தெட்டாம் ஆண்டில் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாத படங்கள் பொதுவுடைமை. ஆனால் ஒருபோதும் வெளியிடப்படாத தனியார் ஸ்லைடுகளுக்கு, எடுத்தவரின் பெயர் தெரிந்தால், அவர் இறந்தபின் எழுபது ஆண்டுகள் வரை உரிமை தொடரும். இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது.

நூலகத்தின் குறிப்பு தவறு என்று தெரிந்தால் அவர்களுக்கு எழுதுங்கள். பட எண், இப்போதுள்ள குறிப்பு, நீங்கள் சொல்லும் திருத்தம், அதற்கான சான்றுகள், ஒப்பிட்ட பிற படங்களின் எண்கள் ஆகிய ஐந்தும் ஒரே பக்கத்தில் இருந்தால், அங்குள்ள பணியாளர் தாமே சரிபார்த்துப் பட்டியலை மாற்றுவது எளிது.