மசோதாவை எப்படிப் படிப்பது, எப்போது பேசுவது

எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் கணக்கு எழுதுவதோடு, டெல்லியில் தாக்கலாகும் மசோதாக்களைப் படித்து உறுப்பினர்களுக்கு விளக்குவதும் என் பொறுப்பு. நான் சட்டம் படித்தவள் அல்ல. பொறுமையும் ஒரு பென்சிலும் இருந்தால் யாரும் இதைச் செய்யலாம். தொலைக்காட்சியில் "மசோதா நிறைவேறியது" என்று கேட்கும்வரை காத்திருந்தால், நாம் பேச வேண்டிய காலம் அநேகமாகக் கடந்துவிட்டிருக்கும்.

முதலில் மசோதாவின் எண்ணையும், அது எந்த அவையில் தாக்கலானது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதா 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் தாக்கலானது. மூன்று மாதத்தில் மக்களவை கலைந்து ஆட்சியும் மாறியது. மக்களவையில் தாக்கலாகியிருந்தால் அன்றே காலாவதியாகியிருக்கும். மாநிலங்களவையில் நிலுவையில் இருந்ததால் உயிரோடு இருந்தது. மசோதாக்களை ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுவுக்குப் போய், 2016 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது.

நாடாளுமன்ற இணையதளத்தில் ஒரே மசோதாவுக்குப் பல பிரதிகள் கிடைக்கும்: தாக்கலானபடி, ஓர் அவையில் நிறைவேறியபடி, இரு அவைகளிலும் நிறைவேறியபடி. எது உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன மசோதா தாக்கலானபோது அரசு வேலையில் 5 சதவீத இடஒதுக்கீடு என்றது. சட்டமானபோது அது 4 சதவீதம். குறைபாடுகளின் பட்டியலோ 19-லிருந்து 21 ஆனது. பழைய பிரதியை வைத்துக்கொண்டு பேசினால் நம் பேச்சு எடுபடாது.

படிக்கும்போது கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் 'நோக்கங்களும் காரணங்களும்' என்ற அறிக்கை இருக்கும். அரசு என்ன செய்ய நினைக்கிறது என்பதை அதன் வாயாலேயே கேட்கலாம். பிறகு வரையறைகள். திருத்த மசோதா என்றால் மூலச் சட்டத்தை அச்செடுத்து, நீக்கும் சொல்லை அடித்து, சேர்க்கும் சொல்லை மேலே எழுதுங்கள். இதைச் செய்யாமல் திருத்த மசோதா யாருக்கும் புரியாது, வழக்கறிஞருக்கும்கூட.

அடுத்து நிதானமாகச் செய்ய வேண்டியது, விதிவிலக்குகளைத் தேடுவது. மசோதா ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் என்பதால் ஆங்கிலப் பிரதியில் 'ப்ரொவைடட் தட்' (ஆனால், இந்த நிபந்தனையோடு), 'அன்லெஸ்' (இப்படி இருந்தாலன்றி), 'ஆஸ் மே பி பிரிஸ்கிரைப்டு' (விதிகளில் குறிப்பிடுகிறபடி) ஆகிய மூன்றும் வரும் இடங்களில் எல்லாம் வட்டமிடுங்கள். உரிமையை முதல் வாக்கியம் கொடுக்கும்; இந்தச் சொற்கள் அதை எடுத்துக்கொள்ளும், அல்லது சட்டம் வந்தபின் அரசு எழுதும் விதிகளுக்குத் தள்ளிவிடும். 2016 சட்டத்தின் 34-வது பிரிவை, பார்வையற்ற உறுப்பினர் ஒருவருக்கு வாசித்துக்காட்டினேன். 4 சதவீதம் என்றதும் மகிழ்ந்தவர், அதற்குக் கீழே இருந்த வரியைக் கேட்டதும், "அக்கா, அதை மறுபடி வாசியுங்கள்" என்றார். வேலையின் தன்மையைக் கருதி, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரைக் கலந்தாலோசித்து, எந்த அரசு நிறுவனத்துக்கும் அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம் என்பதே அந்த வரி. 2021 ஆகஸ்டில் இந்திய காவல் பணிக்கு அப்படித்தான் விலக்கு அளித்தார்கள். அதே சட்டத்தின் 3(3) பிரிவையும் பாருங்கள்: பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது, நியாயமான நோக்கத்துக்கு ஏற்ற அளவான வழி என்று நிரூபித்தால் பாகுபாடு காட்டலாம் என்றும் சொல்கிறது. எனக்கு இன்றுவரை ஆறாத வரி அது.

இனி, எப்போது பேசுவது. வரைவுச் சட்டத்தை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. எல்லா அமைச்சகங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆனாலும் உங்கள் துறை அமைச்சகத்தின் தளத்தை அவ்வப்போது பாருங்கள். மசோதா குழுவுக்குப் போனால், கருத்துக் கேட்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும். அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். சாதாரண மனிதருக்குத் திறக்கும் உண்மையான கதவு இதுதான்.

மனு எழுதும்போது கோபத்தை மூன்று பக்கம் கொட்டாதீர்கள். உட்பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், காரணம் என்ற வரிசையில் எழுதுங்கள். காரணத்தில் உங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். தலைநகரில் இருப்பவர்களிடம் இல்லாதது அதுதான். குழுவின் முன் நேரில் பேச விரும்பினால் மனுவிலேயே அதைக் குறிப்பிட வேண்டும். அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடும். அதை ரகசியமாகவே வைப்பார்கள். எனவே அதையே பத்திரிகைக்கும் கொடுக்காதீர்கள். பொதுவில் பேச வேண்டியதைத் தனியாக எழுதுங்கள்.

குழுவுக்கே போகாத மசோதாக்களும் உண்டு. அப்போது உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் உடனே போங்கள். விவாதத்துக்கு முன்பே அவர் திருத்தத்துக்கு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும் என்பதால், திருத்த வாசகத்தை ஒரே தாளில் தட்டச்சு செய்து கையில் கொடுங்கள்.

நிறைவேறிய பிறகும் வேலை இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்து அரசிதழில் வந்தாலே சட்டம் நடைமுறைக்கு வந்துவிடும் என்பதில்லை. 1-வது பிரிவில் அமலாகும் நாளைப் பாருங்கள். எங்கள் சட்டம் 2017 ஏப்ரல் 19-இல் அமலுக்கு வந்தது, மத்திய அரசின் விதிகள் ஜூன் 15-இல் வந்தன. நீங்கள் வட்டமிட்ட 'பிரிஸ்கிரைப்டு' எல்லாம் விதிகளில்தான் முடிவாகும். வரைவு விதிகள் கருத்துக் கேட்டு வெளியானால், மனுவுக்குச் சொன்ன அதே வரிசையில் விதி எண்ணோடு எழுதி, கெடு முடியும் முன் அனுப்புங்கள்.