லைட் போட்டால் டாங்க் நிறையுமா?

என் பழைய காரில் பகலெல்லாம் டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கும். இருட்டி லைட்டைப் போட்டதும் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். இன்ஜின் சூடாகிறது என்று பயந்து தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் கூலண்ட் ஓட வழி திறக்கும் வால்வு) மாற்றினேன், கூலண்டை மாற்றினேன். பக்கத்தில் பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறியதை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். லைட் போட்டால் டாங்கில் பெட்ரோல் ஊறுமா என்ன?

அதனால் ஸ்குரூடிரைவரை எடுக்கும் முன் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு மீட்டர் மட்டும் படுத்திருந்தால் அதன் சென்சாரையும் ஒயரையும் பார்க்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து ஆடினால் அவற்றுக்குப் பொதுவான எர்த்தையோ (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி) ஸ்டெபிலைசரையோதான் சந்தேகப்பட வேண்டும்.

ஸ்டெபிலைசர் என்பது மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்ன டப்பா. பழைய வண்டிகள் பலவற்றில் பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்களுக்கு பேட்டரி வோல்டேஜ் நேராகப் போவதில்லை. டப்பாவுக்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடாகி விலகும், ஆறி ஒட்டும். மின்சாரம் விட்டு விட்டுப் போகும். பல வண்டிகளில் இதன் சராசரி 10 வோல்ட். தகடு சூடாக வேண்டுமானால் டப்பாவுக்கு எர்த் வேண்டும். அது சரியாகக் கிடைக்காவிட்டால் தகடு ஒட்டியே கிடக்கும், இரண்டு முள்ளும் மேலே போகும். பேனல் பல்புகளும் அதே எர்த்தில் தொங்கினால், லைட் போட்டதும் கோளாறு இன்னும் கூடும். என் வண்டியில் நடந்தது இதுதான்.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை மீட்டர் பெட்டியின் எர்த் ஒயரில். இக்னிஷனையும் லைட்டையும் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. எனக்கு 1.8 காட்டியது. டேஷ்போர்டுக்கு அடியில் பாடியோடு முடுக்கிய ஒரு ஸ்குரூ. கழற்றினால் வளையத்துக்குக் கீழே பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது வளையம் போட்டு, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். இரண்டு முள்ளும் அடங்கிவிட்டன.

பெட்ரோல் முள் மட்டும் அசையவில்லை என்றால் டாங்க் சென்டரின் (பெட்ரோல் அளவை மீட்டருக்கு அனுப்பும் சென்சார்) ஒயரைக் கழற்றி இக்னிஷனைப் போட்டுப் பாருங்கள். பிறகு இக்னிஷனை அணைத்து, அதே ஒயரை எர்த்தோடு சேர்த்துவிட்டு மறுபடி போடுங்கள். முள் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் போனால் மீட்டரும் ஒயரும் சரி. சென்டரோ அதன் எர்த்தோதான் தப்பு. சில நொடிகள் போதும், அதிகம் வைத்தால் மீட்டர் கருகலாம். இக்னிஷன் போட்டிருக்கும்போது அந்த ஒயரைத் தொடவே தொடாதீர்கள். பெட்ரோல் பக்கத்தில் பொறி வேண்டாம்.

பேனல் வெளிச்சம் மொத்தமாகப் போனதா? முதலில் வண்டிக்குப் பின்னால் போய் டெயில் லைட் எரிகிறதா பாருங்கள். பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ். டெயில் லைட் எரிந்தால் அடுத்தது பேனல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் திருகி: இருபது தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினால் அழுக்கு விலகிப் பல நேரம் வெளிச்சம் வந்துவிடும்.

ஓரிரு பல்பு மட்டும் எரியவில்லை என்றால்தான் மீட்டர் பெட்டியைக் கழற்ற வேண்டும். பேட்டரி மைனஸை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளை மறந்துபோய் இழுத்துவிடாதீர்கள். பல்புகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பின்பக்கத்து செப்புத் தடம் காகிதம் மாதிரி மெல்லியது, உப்புத்தாள் பட்டால் கிழியும். அதைச் சுத்தம் செய்ய பென்சில் அழிக்கும் ரப்பரே போதும். வெளிச்சம் போதவில்லை என்று அதிக வாட் பல்பு போட்டால் பிளாஸ்டிக் உருகும். மீட்டர் பெட்டியில் இருக்கும் பேட்டரி எச்சரிக்கை விளக்குக்கு மட்டும் எல்இடி வேண்டாம்: பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்குவதே அந்த பல்பு வழியாக வரும் மின்சாரத்தால்தான்.

கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஒழுங்காகத் திறக்கிறது.