நெஞ்சு வலி: கேஸா ஹார்ட்டா? எப்ப 995, எப்ப கிளினிக்?

நெஞ்சு வலின்னு வர்றதெல்லாம் ஹார்ட் அட்டாக் இல்ல. பயந்துபோய் ஏ அண்ட் ஈக்கு (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) ஓடுறவங்கள்ல நிறைய பேருக்கு கடைசில தசைப்பிடிப்பு, நெஞ்செரிச்சல், டென்ஷன்ல வர்ற படபடப்புன்னு தான் முடியுது. ஆனா நம்மாளுங்களுக்கு ஒரு பழக்கம், நெஞ்சுல என்ன பண்ணாலும் "வாய்வு தான்"னு தாங்களே முடிவு பண்ணிட்டு ஈனோ, ஓமத்தண்ணி, கோடாலி தைலம்னு ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து, எதுக்கும் கேக்கலன்னா தான் போனை எடுப்பாங்க. அந்த வரிசைய அப்படியே தலைகீழா மாத்தணும்னு தான் சொல்ல வர்றேன். முதல்ல ஹார்ட் இல்லன்னு தெரியட்டும், வாய்வ காலைல கூட பாத்துக்கலாம்.

எப்ப யோசிக்காம 995 (சிங்கப்பூர்ல அவசர ஆம்புலன்ஸ் நம்பர்) அடிக்கணும்னு முதல்லயே சொல்லிடறேன், மீதிய ஆற அமர படிங்க.

நடு நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி அழுத்தம், இறுக்கம், பாரம், அது சில நிமிஷத்துக்கு மேல நிக்குது இல்லன்னா போய்ப் போய் திரும்ப வருது. கூடவே கை (இடது கை மட்டும் இல்ல, ரெண்டு கையும் கூட), தோள், கழுத்து, தாடை, முதுகு, மேல் வயிறுன்னு எங்கயாவது பரவுது. மூச்சு வாங்குது, குமட்டுது, தலை சுத்துது. எல்லாத்தையும் விட நான் பெருசா பாக்குறது குளிர்ந்த வேர்வை தான், ஏர்கான் ஓடிட்டு இருக்கும், ஆனா ஆளுக்கு நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்த்து பனியன் முதுகோட ஒட்டிக்கும், தொட்டா உடம்பு சில்லுன்னு இருக்கும், முகம் வெளுத்துப் போயிருக்கும். அதப் பாத்தா வலி எவ்வளவுன்னு கூட கேக்காதீங்க, உடனே போன் பண்ணுங்க. இது எல்லாமே ஒண்ணா வரணும்னு அவசியம் இல்ல, ஒண்ணு ரெண்டு இருந்தாலே போதும்.

எங்க வலிக்குதுன்னு கேட்டா அவங்க கை என்ன செய்யுதுன்னும் கவனிங்க. ஒரு விரல வச்சு "இந்தா, இங்க தான்"னு கரெக்டா ஒரு புள்ளிய காட்டுனா பெரும்பாலும் தசையோ எலும்போ தான். கைய மூடி நெஞ்சு நடுவுல வச்சு அழுத்துறாங்க, இல்ல உள்ளங்கைய விரிச்சு மொத்தமா தடவுறாங்கன்னா ஹார்ட்டா இருக்க வாய்ப்பு கூடுது. இது வெறும் துப்பு தான், தீர்ப்பு இல்ல.

வலி கடுமையா இருந்தா தான் ஹார்ட்னு நினைக்கிறது பெரிய தப்பு. சினிமால நெஞ்ச பிடிச்சுட்டு விழற மாதிரி நிறைய பேருக்கு நடக்கறதே இல்ல. முக்கியமா சுகர் இருக்கவங்க, வயசானவங்க, பொம்பளைங்க, இவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாம வெறும் மூச்சுத் திணறல், திடீர்னு ஒரு அசதி, வாந்தி, தாடை வலின்னு வரலாம். நம்ம வீட்டு அம்மாக்கள், அத்தைங்க எல்லாம் "ஒண்ணும் இல்லடா, ராத்திரி சாப்ட பிரியாணி"ன்னு சொல்லிட்டு பாத்திரம் கழுவப் போயிடுவாங்க, அவங்ககிட்ட வலிக்குதான்னு கேக்காதீங்க, ஒரு மாதிரி இருக்கா, அழுத்துதா, மூச்சு முட்டுதான்னு கேளுங்க.

இன்னொண்ணு, தெற்காசிய ஆளுங்களுக்கு இந்த வியாதி மத்தவங்கள விட சீக்கிரமே வந்துடுது. முப்பத்தஞ்சு வயசு தானே, ஜிம் போறானே, இதெல்லாம் கணக்குல வராது. சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால், சிகரெட், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயசுலயே வந்திருக்கு, இதுல ஏதாவது இருந்தா அதே வலிக்கு நீங்க கொடுக்கற மரியாதை கூடணும்.

ராத்திரி மூணு மணிக்கு வீட்ல நடக்கற பேச்சு எல்லாருக்கும் தெரியும். "ஏங்க, 995 அடிக்கட்டுமா?" "வேணாம் வேணாம், புளோக்கே எந்திரிச்சுக்கும், காலைல கிளினிக் போயிக்கலாம்." இல்லன்னா "ஒரு கிராப் டாக்சி போடு, பத்து நிமிஷத்துல போயிடலாம்." இந்த ரெண்டுமே வேணாம். அவசரத்துக்கு கூப்பிட்டா எஸ்சிடிஎஃப் (சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை) ஆம்புலன்ஸுக்கு காசு கிடையாது. கிராப்ல பாதி வழில ஹார்ட் நின்னா அந்த டிரைவர் அங்கிள் என்ன செய்வாரு, ஆம்புலன்ஸ்ல இருக்கவங்க வீட்லயே ஈசிஜி (ஹார்ட் துடிப்ப வரைஞ்சு காட்டற டெஸ்ட்) எடுத்து ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே அனுப்பிடுவாங்க, ஷாக் கொடுக்கற மெஷினும் கைலயே இருக்கும். ரத்தக்குழாய் அடைச்சிருந்தா அத எவ்வளவு சீக்கிரம் திறக்கறாங்களோ அவ்வளவு ஹார்ட் தசை மிஞ்சும், காலைல வரைக்கும் காத்திருந்தா அதுக்குள்ள செத்துப் போன தசை திரும்ப வராது. நீங்களே வண்டி ஓட்டிட்டு போறது அதவிட மோசம், ரோட்ல போற மத்தவங்களுக்கும் ஆபத்து.

ஹார்ட் அட்டாக் இல்லாமலே அவசரமா போக வேண்டிய நெஞ்சு வலியும் இருக்கு. திடீர்னு கிழிச்ச மாதிரி கடுமையா வந்து முதுகுக்கு போறது, பெரிய ரத்தக்குழாயோட சுவர் பிளந்தா அப்படி வரும். லாங் ஃப்ளைட்ல வந்து இறங்கினவங்க, ஆபரேஷன் முடிஞ்சு படுத்தே இருந்தவங்க, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குது, அதோட மூச்சு இழுக்கறப்ப நெஞ்சுல குத்துதுன்னா நுரையீரல்ல ரத்தக்கட்டி போய் அடைச்சிருக்கலாம். ஒல்லியா உயரமா இருக்க பசங்களுக்கு ஒரு பக்கம் சடார்னு குத்தி மூச்சு திணறுனா நுரையீரல் சுருங்கியிருக்கலாம். இதெல்லாம் அடிக்கடி வர்றது இல்ல, ஆனா வந்தா வீட்ல கண்டுபிடிக்க முடியாது, அதனால இதுக்கும் 995 தான்.

இப்ப கொஞ்சம் நிம்மதி தர்ற பக்கம். தொட்டு அழுத்துனா அதே இடத்துல அதே வலி வருது, திரும்பிப் படுத்தா, கைய தூக்குனா கூடுது, ரெண்டு நாள் முன்னாடி வீடு மாத்தறேன்னு அலமாரி தூக்குனீங்க, இல்ல தைப்பூசத்துக்கு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி சுமந்துட்டு வந்தீங்கன்னா, விலா எலும்பு, தசை சமாச்சாரமா தான் இருக்கும். ஊசி குத்துன மாதிரி ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் வந்து போறதும் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்ல. சாப்ட்டு படுத்தா எரிஞ்சுக்கிட்டு தொண்டை வரைக்கும் புளிப்பா ஏறுது, எந்திரிச்சு உக்காந்தா குறையுதுன்னா ஆசிட். ராத்திரி பதினோரு மணிக்கு சம்பல் ஊத்தி பிராட்டா சாப்ட்டா வேற என்ன வரும். ஒரு பக்கமா தோல் மேல எரிச்சல் வந்து ரெண்டு மூணு நாள்ல கொப்பளம் கிளம்புச்சுன்னா அக்கி, அதுக்கு மாத்திரைய முதல் மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, கிளினிக் போங்க.

இதுல ஒரு பொறி இருக்கு, கவனமா படிங்க. ஈனோ குடிச்சதும் ஏப்பம் வந்து வலி குறைஞ்சதுன்னா ஹார்ட் இல்லன்னு அர்த்தம் ஆகாது. ஹார்ட் வலி தானாவே வந்து போற மாதிரி நடிக்கும், நீங்க குடிச்ச நேரமும் அது குறைஞ்ச நேரமும் ஒண்ணா அமைஞ்சிருக்கும், அவ்வளவு தான். அழுத்துனா வலிக்குதுங்கறதும் அப்படித்தான், நூத்துக்கு நூறு கிடையாது. படபடப்பு, பேனிக் அட்டாக்னு சொல்றதும் டாக்டர் ஈசிஜி பாத்துட்டு சொல்லட்டும், பக்கத்து வீட்டு அண்ணன் சொல்ல வேணாம்.

நடுவுல ஒரு வகை இருக்கு, அதத்தான் நிறைய பேர் தவற விடறாங்க. ஓவர்ஹெட் பிரிட்ஜ் ஏறும்போது, பஸ்ஸ பிடிக்க வேகமா நடக்கும்போது நெஞ்சு இறுக்குது, ரெண்டு மூணு நிமிஷம் நின்னா விட்டுடுது, திரும்ப நடந்தா திரும்ப வருது. "வயசாச்சு, மூச்சு பத்தல"ன்னு நின்னு நின்னு போயிட்டு இருப்பாங்க. இது ரத்தக்குழாய் சுருங்கியிருக்கறதுக்கான அறிகுறி, இன்னைக்கே 995 வேணாம், ஆனா இந்த வாரத்துக்குள்ள ஜிபி கிளினிக்கோ பாலிகிளினிக்கோ போய் சொல்லியே ஆகணும். அதே வலி முன்ன விட அடிக்கடி வருது, கம்மியா நடந்தாலே வருது, சும்மா உக்காந்திருக்கும்போதே வருதுன்னு ஆயிட்டா கிளினிக் கட்டத்த தாண்டிட்டீங்க, நேரா 995.

போன் அடிச்ச பிறகு என்ன செய்யறது. முகவரியோட போஸ்டல் கோட், யூனிட் நம்பர் சொல்லுங்க, அவங்க சொல்றத கேட்டு செய்யுங்க, நடுவுல போனை வைக்காதீங்க. ஆள பாதி சாய்ஞ்ச மாதிரி உக்கார வைங்க, நடக்க விடாதீங்க, பாத்ரூமுக்கு கூட. சாப்பாடு, காப்பி, சோடா எதுவும் வேணாம். ஆஸ்பிரின் அலர்ஜி இல்ல, அல்சர்ல ரத்தம் வந்தது இல்லன்னா 300 மில்லிகிராம் மென்னு முழுங்கச் சொல்லுவாங்க, அத அவங்ககிட்ட கேட்டுட்டு கொடுங்க. நாக்குக்கு அடியில வைக்கற ஹார்ட் மாத்திரைய பக்கத்து வீட்டுல கடன் வாங்கி கொடுக்காதீங்க, வயாகரா மாதிரி மாத்திரை போட்டிருந்தா பிரஷர் பயங்கரமா இறங்கிடும், அத வீட்ல யாரும் வெளிய சொல்லியிருக்க மாட்டாங்க. கேட்டையும் கதவையும் திறந்து வைங்க, ஒருத்தர் கீழ போய் லிஃப்ட பிடிச்சு வைங்க, இன்னொருத்தர் மாத்திரை பையையும் ஐசியையும் (அடையாள அட்டை) எடுத்து வைங்க. இருமி இருமி ஹார்ட்ட ஓட வைக்கலாம்னு வாட்ஸ்அப்ல ஒண்ணு வருஷக் கணக்கா சுத்துது, டெலீட் பண்ணிடுங்க.

ஆள் மயங்கி, கூப்பிட்டா பதில் இல்ல, மூச்சும் ஒழுங்கா இல்லன்னா நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவ, ஒரு 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கற மாதிரி வேகமா அழுத்துங்க. யாரையாவது ஏஇடி (ஹார்ட்டுக்கு ஷாக் கொடுக்கற மெஷின்) எடுக்க அனுப்புங்க. எச்டிபி அடுக்குமாடி வீடுங்கள்ல கீழ லிஃப்ட் லாபி பக்கம் பெட்டில மாட்டி வச்சிருப்பாங்க, உங்க புளோக்ல இருக்கா பக்கத்து புளோக்லயான்னு இன்னைக்கு குப்பை போட இறங்கும்போது ஒரு தடவ பாத்து வைங்க.

டார்ம்ல (வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி) இருக்க தம்பிங்களுக்கு தனியா. வேலை சைட்ல நெஞ்சு இறுக்குனா வேலைய முடிச்சுட்டு பாத்துக்கலாம்னு நினைக்காதீங்க, சூப்பர்வைசர் திட்டுவாருன்னு ரூம்ல போய் படுக்காதீங்க. ஒர்க் பெர்மிட்ல இருக்கவங்க மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு, அதுக்குன்னு அவங்க இன்ஷூரன்ஸ் எடுத்து வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு.

ஆஸ்பத்திரில முதல் ஈசிஜி, முதல் ரத்த டெஸ்ட் நார்மல்னதும் வீட்டுக்கு போகணும்னு சண்டை போடாதீங்க. ஹார்ட் தசை அடிபட்டா ட்ரோபோனின்னு ஒண்ணு ரத்தத்துல ஏறும், அது ஏற கொஞ்ச நேரம் எடுக்கும், அதனால தான் சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது தடவ எடுக்கறாங்க. டாக்டர் கேட்டா எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, அப்ப என்ன செஞ்சுட்டு இருந்தீங்க, எவ்வளவு நேரம் நின்னுச்சு, எங்க பரவுச்சுன்னு சொல்லுங்க, "லேசா தான் டாக்டர்"னு அங்க போயும் குறைச்சு சொல்லாதீங்க.